'போக ஆசையா?' என்று கேட்டால் கிராக்கி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்வெளிச் சுற்றுலா பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வரும்போதெல்லாம், "இதற்கு உலகம் முழுக்கப் பெரும் கிராக்கி" என்று ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. எத்தனை பேர், என்ன விலைக்கு, எப்போதைக்குள் என்ற விவரம் அந்த வரியில் இருப்பதில்லை. இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத், 2030 வாக்கில் இந்தியாவிலேயே ஒரு டிக்கெட் சுமார் 6 கோடி ரூபாய்க்குக் கிடைக்கலாம் என்று 2023இல் சொன்னார். அதன்பிறகு அந்த வரி இன்னும் அடிக்கடி கண்ணில் படுகிறது. இந்தக் கிராக்கியை எப்படி அளந்தார்கள், அளந்தது எவ்வளவு பலித்தது என்று பார்க்க அமெரிக்காவில் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பதிவு இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

முதலில் விற்பனைக்கு வந்த சரக்கைப் பார்ப்போம். 'சப்ஆர்பிட்டல்' பயணத்தில் யாரும் பூமியைச் சுற்றி வருவதில்லை. மேலே ஏறி, 80 அல்லது 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இதற்கு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் போதும். ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட், டெக்சாஸ் மாநிலத்தில் வான் ஹார்ன் ஊருக்கு அருகிலிருந்து செங்குத்தாகக் கிளம்பியது. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் ஒரே எஞ்சின், ஆறு இருக்கை, ஏறி இறங்க மொத்தம் 10, 11 நிமிடம். வர்ஜின் கேலக்டிக்கின் யூனிட்டி வேறு வகை. நியூ மெக்சிகோவின் ஓடுபாதையிலிருந்து தாய் விமானத்தில் தொங்கியபடி சுமார் 13 கிலோமீட்டர் உயரம் வரை போனது. அங்கே கழன்று, ராக்கெட்டைச் சுமார் ஒரு நிமிடம் எரித்து, 85 கிலோமீட்டர் அளவுக்கு ஏறி, பிறகு கிளைடர்போல மிதந்து வந்து அதே ஓடுபாதையில் இறங்கியது.

எடையின்றி மிதக்கும் நேரம் எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலிலேயே கணக்கிடலாம். காற்றின் இழுவை உடலுக்குத் தெரியாத உயரம் தோராயமாக 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கலம் 105 கிலோமீட்டர் வரை போகிறது என்றால் இடையில் இருப்பது 35 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து கீழே விழ ஏறக்குறைய 85 நொடி ஆகும். ஏறும்போதும் அதே அளவு என்பதால் மொத்தம் 170 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை ஆறு நிமிடமாக்க வேண்டுமென்றால் அந்த 35 கிலோமீட்டரை நான்கு மடங்காக்க வேண்டும், உச்சி 210 கிலோமீட்டருக்குப் போய்விடும். அப்படிப் போனால் திரும்பி வரும்போது உடல் நசுங்கும். 1961 மே மாதம் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் 187 கிலோமீட்டர் போய் வந்தபோது இறக்கத்தில் 11 ஜிக்கு மேல், அதாவது தன் எடையைப்போல் பதினோரு மடங்குக்கு மேல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அவர் பயிற்சி பெற்ற போர் விமானி. பணம் கொடுத்து வரும் அறுபது வயதுக்காரரை அந்த அழுத்தத்தில் உட்காரவைக்க முடியாது. ஆகவே மூன்று நிமிடம் என்பது இந்தத் தொழிலின் பிறவிக்குணம். நாளைக்கு நல்ல எஞ்சின் வந்தாலும் அது பெரிதாக மாறாது.

மிதப்பதற்கு மட்டும்தான் ஆசை என்றால் மலிவான வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு போயிங் விமானத்தை வளைவு வளைவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வளைவிலும் இருபது நொடிக்கு மேல், ஒரே பயணத்தில் 15 வளைவு காட்டுகிறார்கள். சுமார் 10,000 டாலர். மிதக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ராக்கெட்டில் கிடைப்பதைவிட அதிகம். அப்படியிருந்தும் ராக்கெட்டுக்கு ஐம்பது மடங்கு விலை கொடுக்க ஆள் வருகிறது என்றால், கருத்த வானமும் வளைந்த பூமியும் 'விண்வெளிக்குப் போனவர்' என்ற பெயரும்தான் காரணம். அந்தப் பெயரும் இப்போது கொஞ்சம் நீர்த்துவிட்டது. வணிகப் பயணம் போனவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ கொடுத்துவந்த 'விண்வெளி வீரர் சிறகு' 2021 கடைசியோடு நின்றுபோனது. இனி அவர்களுடைய இணையதளத்தில் பெயர் ஏறும், அவ்வளவுதான். விண்வெளி தொடங்குவதாகப் பலர் கொள்ளும் 100 கிலோமீட்டர் கோட்டை வர்ஜினில் போனவர் தாண்டவில்லை என்ற பழைய சண்டை தனி. கிராக்கி ஆய்வு செய்பவர் இந்தப் 'பெயர்' சமாசாரத்தைக் கேள்வித்தாளில் சேர்க்காவிட்டால் பாதிச் சரக்கை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

இனி ஆய்வுகள். 1993இல் ஜப்பானில் 3,030 பேரிடம் கேட்டார்கள். அறுபது வயதுக்குக் கீழிருந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் விண்வெளிக்குப் போக ஆசை என்றார்கள். ஆசைக்கு வரி இல்லை. 2002இல் ஃபியூட்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் கொஞ்சம் கறாராக இறங்கியது. தெருவில் போகிறவர்களை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலருக்கு மேல் வருமானமோ பத்து லட்சம் டாலர் சொத்தோ உள்ள 450 பேரிடம் தொலைபேசியில் பேசியது. 2021ஆம் ஆண்டில் மட்டும் 15,000 பேர் சப்ஆர்பிட்டல் பயணம் போவார்கள், வருமானம் 70 கோடி டாலரைத் தாண்டும் என்று கணித்தது. 2006இல் அதையே திருத்தி 13,000 பேர் என்றது. பல முதலீட்டு அறிக்கைகளும் செய்திகளும் இந்தக் கணக்கை எடுத்தாண்டன.

அந்த 2021 வந்தது. நியூ ஷெப்பர்ட் அந்த ஆண்டு மூன்று முறை ஆட்களோடு போனது: நாலு பேர், நாலு பேர், ஆறு பேர். வர்ஜின் யூனிட்டியில் ஜூலை 11 அன்று அதன் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனும் நிறுவன ஊழியர் மூவரும் போனார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் குண்டூர் மாவட்டத்தில் பிறந்த சிரிஷா பண்ட்லா. விமானிகளைத் தவிர்த்துக் கூட்டினால் 18 பேர். கணித்தது 13,000, போனது 18. அந்தப் பதினெட்டிலும் விருந்தாளிகளையும் ஊழியர்களையும் முதலாளிகளையும் கழித்தால், டிக்கெட் வாங்கிப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இதைக் காட்டி 'ஆய்வே புளுகு' என்று சொல்வது நியாயமாகாது. ஃபியூட்ரானின் முதல் கணக்கில் டிக்கெட் ஒரு லட்சம் டாலரில் தொடங்கி ஆண்டு செல்லச் செல்ல 50,000க்கு இறங்கவேண்டும். நடந்தது தலைகீழ். வர்ஜின் 2 லட்சத்தில் விற்கத் தொடங்கி, 2013இல் 2.5 லட்சமாக்கி, 2021 ஆகஸ்டில் 4.5 லட்சமாக்கியது, பிறகு பேச்சு 6 லட்சத்துக்குப் போனது. அந்த விலையில் அந்தக் கேள்வியை 2002இல் யாரும் கேட்கவே இல்லை. போதாததற்கு 2021 வரை ஏறிப் போக வாகனமே இல்லை. இருக்கை இல்லாத இடத்தில் கிராக்கியைச் சோதிக்க வழி கிடையாது. விலை, காலம் என்ற இரண்டு நிபந்தனையையும் உருவிவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்து அச்சிட்டவர்கள் மேல்தான் எங்கள் குறை.

2012இல் எஃப்ஏஏயும் ஃபுளோரிடாவின் விண்வெளி அமைப்பும் பணம் கொடுத்து டௌரி குரூப் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வை அத்தனை பேர் மேற்கோள் காட்டுவதில்லை. எண்ணிக்கை சிறியதாக இருப்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். முதலீடு செய்யத்தக்க சொத்து 50 லட்சம் டாலராவது உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய விலைக்கு ஆர்வம் காட்டக்கூடியவர் உலகம் முழுக்கச் சுமார் 8,000 பேர், அதிலும் பத்தாண்டுக்குள் உண்மையில் பறப்பவர் பாதிக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். ஆராய்ச்சிக் கருவிகள் பிடிக்கும் இடத்தையும் இருக்கைக் கணக்கில் சேர்த்து, முதல் ஆண்டு 373, பத்தாவது ஆண்டு 533. எங்கள் பார்வையில் இதுவரை வந்தவற்றில் கால் தரையில் நிற்கும் கணக்கு இதுதான்.

பொதுமக்கள் கருத்துக்கணிப்பு இன்னொரு வகை. ப்யூ ஆய்வு மையம் 2018இல் அமெரிக்கர்களிடம் பூமியைச் சுற்றிவர ஆசையா என்று கேட்டபோது 42 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களில் 28 சதவீதம் பேர் செலவைக் காரணம் காட்டினார்கள், 28 சதவீதம் பேர் பயத்தை, 28 சதவீதம் பேர் வயதையும் உடல்நிலையையும். மூன்றும் ஒரே அளவு! விலையைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கவேண்டும். 2023இல் மறுபடி கேட்டபோது 42 என்பது 35 ஆக இறங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில்தான் கோடீஸ்வரர்கள் போய்வந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. பார்க்கப் பார்க்க ஆசை கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு இந்த எண் இடம் தரவில்லை.

கையில் காசு, வாயில் தோசை என்று கேட்டால் என்ன ஆகிறது என்பதற்கு வர்ஜினின் சொந்தப் பதிவே போதும். 2014 விபத்துக்குப் பிறகு நிறுத்திவைத்த விற்பனையை மீண்டும் தொடங்கும் முன், 2020 பிப்ரவரியில் ஆர்வத்தைப் பதிவு செய்தவர் எண்ணிக்கை 7,957 என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதே மாதக் கடைசியில், திருப்பித் தரத்தக்க 1,000 டாலர் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த கணக்கு: சுமார் 400 பேர். வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும் ஆயிரம் டாலருக்கே இருபதில் ஒருவர்தான் மிஞ்சினார். கொரோனா காலம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும், இருந்தாலும் விகிதம் கவனிக்கத்தக்கது. ப்ளூ ஆரிஜின் 2021இல் முதல் பயணத்தின் ஓர் இருக்கையை ஏலம் விட்டபோது 159 நாடுகளிலிருந்து 7,600 பேர் பதிந்தார்கள். ஏலம் 2.8 கோடி டாலருக்கு முடிந்தது. எடுத்தவர் வேறு வேலை என்று அந்தப் பயணத்துக்கே வரவில்லை, நாலு ஆண்டு கழித்து 2025 ஆகஸ்டில்தான் போனார்.

வர்ஜினின் வரிசையில் 2019 வாக்கில் 600 பேர் சொச்சம், 2021 கடைசியில் 700. விற்பனை தொடங்கி அதற்குள் ஏறக்குறைய பதினேழு ஆண்டு. இந்த எண்ணை அவர்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் டெல்டா வகைக் கலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு பயணி உட்காரும் கலம் இரண்டு ஓடத் தொடங்கினால் ஆண்டுக்கு 125 பயணம், 750 பேர், 45 கோடி டாலர் வருமானம் என்று நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் இத்தனை ஆண்டாகச் சேர்ந்த வரிசை ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும். அந்த வரிசையில் பெரும்பாலோர் பழைய 2 லட்சம், 2.5 லட்சம் டாலர் டிக்கெட்காரர்கள், ஆகவே 45 கோடியும் அந்த ஆண்டில் வராது. அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் 750 புதுமுகங்கள் ஆளுக்கு 6 லட்சம் டாலரோடு வரவேண்டும். டௌரி ஆய்வு இதைவிடப் பாதிக்கும் குறைவான விலையில் பத்தாவது ஆண்டுக்குச் சொன்ன எண்ணே 533தான் என்பதை நினைவில் வையுங்கள். வரிசை நீளமாக இருப்பதை வைத்துக் கிராக்கி ஆழம் என்று எழுதுகிறோம். கவுண்டர் திறக்காததாலும் வரிசை நீளும்.

கவுண்டர் ஏன் திறப்பதில்லை என்பது பொறியியல் கேள்வி. யூனிட்டியின் ராக்கெட்டில் ரப்பர் போன்ற திட எரிபொருளும் நைட்ரஸ் ஆக்சைடும் எரிந்தன. ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருள் உறை, தொண்டை, நாசில் (எரிவாயு வெளியேறும் கூம்பு) மூன்றும் சேர்ந்த பகுதியைப் புதிதாக மாட்டவேண்டியிருந்தது. நாலு பேரை ஏற்ற ஒரு புது மோட்டார் என்றால் விலை எப்படி இறங்கும்? 2023 ஜூன் 29 முதல் 2024 ஜூன் 8 வரை ஏழு வணிகப் பயணம், ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நாலு பயணி, அத்தோடு யூனிட்டி ஓய்வுபெற்றது. நியூ ஷெப்பர்டில் எஞ்சின் திரும்பத் திரும்பப் பயன்படும், ஆனால் அதற்கு வேறு பிரச்சினை. 2022 செப்டம்பர் 12 அன்று ஆளில்லாமல் போன பயணத்தில், கிளம்பி ஒரு நிமிடம் ஐந்து நொடியில் நாசில் உடைந்தது. எதிர்பார்த்ததைவிட அதிக வெப்பத்தில் அது இயங்கிவந்ததே காரணம். தப்பிக்கும் மோட்டார் எரிந்து பயணிகள் உட்காரும் பெட்டியைத் தனியே கொண்டுபோனது, அது பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. கீழிருந்து தள்ளும் பூஸ்டர் ராக்கெட் போய்விட்டது. எரிகலத்தையும் நாசிலையும் மாற்றி வடிவமைத்து மறுபடி பறக்க 15 மாதம். பயணிகளோடு பறக்க 2024 மே 19 வரை ஆனது. விஜயவாடாவில் பிறந்த கோபிசந்த் தோட்டகூரா போனது அந்தப் பயணத்தில்தான். அன்றும் மூன்று பாராசூட்டில் ஒன்று முழுதாக விரியவில்லை. இரண்டே போதும் என்று வடிவமைத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நன்றாக ஓடிய 2025ஆம் ஆண்டில்கூட நியூ ஷெப்பர்ட் ஏழு முறைதான் ஆள் ஏற்றியது, 42 பேர். தொடக்கத்திலிருந்து 2026 ஜனவரி வரை மொத்த இருக்கை 98. அந்த மாதக் கடைசியில், நிலவுத் திட்டத்துக்கு ஆட்களும் பணமும் தேவை என்று சொல்லி, இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் இந்தப் பயணங்களை நிறுத்திவைப்பதாக ப்ளூ ஆரிஜின் அறிவித்தது. ஆட்கள் காத்திருக்கும்போதே கடையை மூடுகிறார்கள் என்றால், அந்த நிறுவனத்தின் கண்ணில் இந்த வியாபாரத்தின் எடை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விபத்து வந்தால் கிராக்கி படுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2014 அக்டோபர் 31 அன்று வர்ஜினின் முதல் கலம் சோதனைப் பறப்பில் நடுவானில் சிதறியது. இறக்கைப் பின்பகுதியை மேல்நோக்கி மடக்கும் அமைப்பின் பூட்டை, ஒலியைவிட 1.4 மடங்கு வேகம் வந்தபிறகு திறக்கவேண்டியதை, துணை விமானி ஒலியின் வேகத்தை எட்டும் முன்பே திறந்துவிட்டார். அவர் இறந்தார், விமானி பாராசூட்டில் பிழைத்தார். ஒரே ஒரு மனிதத் தவறு கலத்தையே அழிக்கும்படி வடிவமைத்ததுதான் அடிப்படைக் குறை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015இல் சொன்னது. அதற்குப் பிறகும் பணத்தைத் திரும்பக் கேட்டவர் மிகச் சிலரே. பணம் கட்டியவரைப் பயத்தைவிடக் காலம்தான் அதிகம் கழித்துவிடுகிறது. 2005இல் டிக்கெட் வாங்கிய ஜான் குட்வின் 2023 ஆகஸ்டில் போனபோது அவருக்கு வயது 80. எக்ஸ்கோர் என்ற இன்னொரு நிறுவனம் 2017இல் திவாலானது. அதில் கட்டியவர்களுக்குப் பயணமும் இல்லை, பணமும் இல்லை. நம் ஊரில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு பில்டரின் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

உடல் தகுதியும் ஆளைக் கழிக்கும். ப்ளூ ஆரிஜின் 2021 ஏலத்தின்போது போட்ட நிபந்தனைகள் இவை: வயது 18க்கு மேல், உயரம் 5 அடி முதல் 6 அடி 4 அங்குலம், எடை ஏறக்குறைய 50 முதல் 101 கிலோ. ஏழு மாடி உயரக் கோபுரத்தை 90 நொடிக்குள் ஏறவேண்டும். சீட் பெல்ட்டை 15 நொடிக்குள் தானே மாட்டிக் கழற்றவேண்டும். ஏறும்போது 3 ஜி இரண்டு நிமிடம் வரையும், இறங்கும்போது 5.5 ஜி சில நொடியும் தாங்கவேண்டும். பணம் சேரும் வயதில் முழங்கால் ஒத்துழைக்கவேண்டும் என்பது இதன் பொருள். அதற்குமேல் ஒரு படிவம்: 'இந்த வாகனம் மனிதப் பயணத்துக்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்றளிக்கவில்லை' என்பதைத் தெரிந்தே ஏறுகிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். எஃப்ஏஏ உரிமம் கீழே இருக்கும் மக்களின் பாதுகாப்பை மட்டுமே பார்க்கிறது. ஏறுபவருக்கான பாதுகாப்பு விதி போடுவதைத் தடுக்கும் சட்டம் 2028 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படிவத்தைக் காட்டிவிட்டு ஆசையைக் கேட்ட கருத்துக்கணிப்பு அரிது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 6 கோடி ரூபாய் என்பது 2023 மாற்று விகிதத்தில் 7 லட்சம் டாலருக்கு மேல், அன்றைய வர்ஜின் டிக்கெட்டைவிட அதிகம். அப்புறம் ஏன் ஒருவர் இங்கே வாங்குவார்? ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 4.5 லட்சம் டாலர் டிக்கெட் என்றால் மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மறு பகுதி. 6 லட்சம் என்றால் மூன்று நிதியாண்டு. ரூபாயில் உள்ளூரில் கட்டும் டிக்கெட்டுக்கு இந்த இடைஞ்சல் இல்லை. ஆக, இந்தியக் கிராக்கி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு பங்கு இந்த வரம்பு உண்டாக்குவது. நாளை வரம்பை உயர்த்தினால் அந்தப் பங்கு நியூ மெக்சிகோவுக்குப் போய்விடும்.

வருமானத்தையும் போட்டுப் பாருங்கள். ஆறு இருக்கை, மாதம் ஒரு பயணம் என்றால் ஆண்டுக்கு 72 பேர், 432 கோடி ரூபாய். 2025இல் ப்ளூ ஆரிஜின் ஓட்டிய வேகத்தில் ஓட்டினால் 42 பேர், 252 கோடி. எஞ்சின், ஏவுதளம், மீட்புக் குழு, காப்பீடு, ஒரு விபத்துக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வருமானமின்றி ஊழியர்களுக்குச் சம்பளம், எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளம் வருவதால் தூத்துக்குடியிலிருந்தே சுற்றுலா போகலாம் என்று பேசுகிறவர்களும் உண்டு. அந்த இடத்தின் அருமை வேறு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளையவேண்டும், எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம், இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கு அது பெரிய லாபம். நேராக மேலே போய் நேராக இறங்குகிற கலத்துக்கு இந்த லாபம் எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது, பெட்டி பாராசூட்டில் இறங்க ஆள் நடமாட்டமில்லாத விரிந்த தரை, அல்லது கடலில் இறக்குவதென்றால் கப்பலும் மீட்புக் குழுவும். டெக்சாஸையும் நியூ மெக்சிகோவையும் தேர்ந்தெடுத்தது பாலைவனத்துக்காகவும், நியூ மெக்சிகோவில் பக்கத்து ராணுவத் தளத்தின் மூடிய வான்பரப்புக்காகவும்.

உருப்படியான கிராக்கி ஆய்வு இந்தியாவில் செய்வதானால் வழி இருக்கிறது. சொத்து அளவை வைத்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். சொத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரே பயணத்துக்குச் செலவழிப்பார் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 60 கோடிக்குக் கீழே இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. பத்து நிமிடம், மூன்று நிமிட மிதப்பு, நாசில் உடைந்த சம்பவம், அந்தப் படிவத்தின் வாசகம், எல்லாவற்றையும் முதலில் படிக்கக் கொடுங்கள். ஒருவரிடம் ஒரே விலையை மட்டும் சொல்லுங்கள். ஒருவருக்கு 2 கோடி, அடுத்தவருக்கு 4, இன்னொருவருக்கு 6 என்று குலுக்கல் முறையில். மூன்று விலையையும் ஒரே ஆளிடம் காட்டினால் அவர் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார், பதில் கெட்டுவிடும். 'ஆம்' என்றவரிடம் எவ்வளவு உறுதி என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டு, 9, 10 சொன்னவரை மட்டும் எண்ணுங்கள். எந்த ஆண்டில் போவீர்கள் என்று கேளுங்கள். 'என்றாவது' என்ற பதிலைப் பூஜ்யமாக வையுங்கள். ஏழு மாடி ஏறமுடியுமா, குடும்பம் சம்மதிக்குமா என்பதை ஒதுக்காதீர்கள், பல 'ஆம்'கள் அங்கேதான் கழலும். கடைசியில் ஒரு தொகையை, அதில் திரும்பாத பகுதி எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். வர்ஜின் 4.5 லட்சம் டாலர் டிக்கெட்டுக்கு 1.5 லட்சம் முன்பணம் வாங்கியபோது அதில் 25,000 டாலர் திரும்பாதது. மற்ற எல்லாப் பதிலையும்விட அந்த 25,000ஐக் கட்டியவர் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம்.

சப்ஆர்பிட்டல் சுற்றுலாவுக்கான சாத்தியக்கூறு ஆய்வுகள் சிலவற்றை இஸ்ரோ நடத்தியிருப்பதாக ஒன்றிய அமைச்சர் ஜிதேந்திர சிங் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். அவற்றில் சந்தைக் கணக்கு இருக்கிறதா, இருந்தால் யாரிடம், என்ன விலையைச் சொல்லிக் கேட்டார்கள், 6 கோடி என்ற எண் ஆண்டுக்கு எத்தனை பயணத்தை வைத்துப் போட்டது என்பதைத் தங்கள் நாளிதழ் கேட்டு வாங்கி வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ராக்கெட் பொறியியலிலும் சந்தை ஆய்விலும் பணிபுரியும் வாசகர்கள் இருவர்,
நாகர்கோவில்.